என் போன கடிதத்தைக் கிழித்துப் போடு

என் செல்லக் கண்ணுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் கல் மாதிரி இருக்கிறேன். உன் அப்பாவும் தேறி வருகிறார் என்று சொல்லலாம், மாடிப்படி ஏறுகிற மாதிரி, நாலு படிக்கு ஒருதரம் நின்று நின்று. நீ நன்றாக இருக்கிறாயா என்பதைத்தான் இந்தக் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன், அதனால் சம்பிரதாயத்துக்காக மேலே ஒருதரம் கேட்கவில்லை. முதலில் ஒரு வேலை செய். போன மாதம் நான் எழுதிய கடிதம் இருந்தால் தேடி எடுத்துக் கிழித்துப் போடு. உன் இருமலுக்கு அதில் ஒரு வைத்தியம் சொன்னேனே, காலையும் மாலையும் விடாமல் டிராம்போன் ஊது, நெஞ்சில் கட்டியிருப்பதெல்லாம் கிளம்பி வந்துவிடும் என்று, அது தப்பு. சின்னத் தப்பு இல்லை கண்ணு. இந்தக் கடிதம் கைக்கு வந்த நிமிடத்திலிருந்து நீ அந்தக் குழலில் வாய் வைக்கக் கூடாது. காரணம் அப்புறம் படிக்கலாம், முதலில் அதை அறைக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வா.

வைத்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும், நீ அப்பா பெண். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ "சரிம்மா சரிம்மா"ன்னு நாலு சரிம்மா போட்டு வைத்துவிடுவாய், எதுவும் மனதில் நிற்காது. கடிதம் என்றால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம், டாக்டரிடம் காட்டலாம். இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் வீட்டில் இருப்பதே இரண்டு அறை, உன் அப்பா இப்போது பகல் முழுக்கப் போன் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறார். நீ இருமுகிற விஷயம் அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது. ஹோட்டல் கச்சேரி வேலைக்காக நீ அந்த ஊருக்குக் கிளம்பிய அன்று, பேண்டில் முப்பது வருஷம் தான் வாசித்த டிராம்போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்து அனுப்பியவர் அவர். கல்யாணமாகி நான் வந்தபோதே எனக்கு முன்னால் அந்த வீட்டில் இரண்டு டிராம்போன்கள் குடியிருந்தன, பெரியவன் சின்னவன் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தவள் நான். சின்னவனை உனக்குக் கொடுத்துவிட்டுப் பெரியவனை வைத்துக்கொண்டார். இப்போது பெரியவன் செய்த காரியம் வெளியே வந்துவிட்டது. சின்னவனும் அவன் தம்பிதானே என்கிற நினைப்பில் மூன்று நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை நாங்கள் மறைத்தோம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு வறட்டு இருமல் வந்தது. கல்யாண ஊர்வலத்துக்கோ சாவு ஊர்வலத்துக்கோ காலையில் போய் வாசித்துவிட்டு வருவார், பொழுது சாயும்போது குளிர் எடுக்கும், உடம்பு அனலாகக் கொதிக்கும், கை கால் எல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலிக்கும். மறுநாள் சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓடிவிடும். வெயிலில் அலைந்தது, மழையில் நனைந்தது, ஆகாத தண்ணீரைக் குடித்தது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. தெருமுனை டாக்டர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தார், அப்புறம் இருமல் மருந்து, அப்புறம் ஆஸ்துமா என்று சொல்லி வாயில் அடித்துக்கொள்கிற பம்ப் கொடுத்தார். அப்பா கால்சட்டையில் பெல்ட்டுக்குப் புதுசு புதுசாக ஓட்டை போட்டுக்கொண்டே வந்தார். வயசானால் இளைப்பது சகஜம்தானே என்று நானும் ஊசியை எடுத்து இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். நடந்துகொண்டே ஊத முடியவில்லை என்று போன வருஷம் ஆடியில் பேண்டுக்குப் போவதை நிறுத்தினார். அப்போதுதான் அந்த டாக்டர் சொன்னார், நுரையீரல் சோம்பேறி ஆகிவிட்டது, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், தினமும் பத்து பலூன் ஊதுங்கள் என்று.

அங்கேதான் நான் புத்திசாலி ஆனேன். பலூனாவது கிலூனாவது, வீட்டில் இவ்வளவு பெரிய பித்தளைக் குழலை வைத்துக்கொண்டு ஊதுவதற்கு பலூன் வாங்குவார்களா என்று சொன்னவள் நான்தான். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று. காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி. நான் அடுப்படி வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். நடுவில் நிறுத்தினால் விட மாட்டேன், இன்னும் மூணு நிமிஷம் இருக்கு, ஏமாத்தாதீங்கன்னு அதட்டுவேன். எட்டு மாதம் கண்ணு. எட்டு மாதம் ஒருநாள் விடாமல் அவரை ஊத வைத்தேன். அவர் மோசமாக ஆக ஆக நான் நேரத்தைக் கூட்டினேன். கடைசிக் கடைசியில் கால் மணி அரை மணி ஆகியிருந்தது. முகம் கழுவிவிட்டுத் துண்டை எடுக்கக் கை தூக்கினால் மூச்சு வாங்கும், நகம் உருண்டு கரண்டி முதுகு மாதிரி ஆகிவிட்டது, உதடு நீலம் பாரித்தது. அப்போதும் பயிற்சி போதவில்லை என்றுதான் நினைத்தேன்.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம் குளியலறையில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டால் கண் திறக்கிறார், பேச மூச்சு இல்லை. மேல்வீட்டுத் தையல்காரம்மா வந்து ஒரு கை கொடுத்தாள், இரண்டு பேருமாகத் தூக்கி வண்டியில் போட்டோம். பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு நாள். மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், கிருமி மருந்து ஏற்றினார்கள், படுக்கையில் வைத்தே பார்த்துக்கொண்டார்கள். நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தார், ஏழாம் நாள் நர்சைக் கிண்டல் பண்ண ஆரம்பித்தார், பதினோராம் நாள் தானே நடந்து வண்டி ஏறினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்த மறுநாள் காலை முதல் வேலையாகப் பெரியவனை எடுத்துக் கையில் கொடுத்தேன். கொஞ்சமாக ஊதுங்கள் என்று கருணையோடு வேறு சொன்னேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பல் கிட்டியது, ஏழு மணிக்குத் திரும்ப அதே ஆஸ்பத்திரி, அதே கட்டில்.

இந்தத் தடவை ஒரு நுரையீரல் டாக்டரம்மா வந்து பார்த்தார். என்னை விடச் சின்னவர்தான், உனக்கு நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து என்னைக் கேள்வி கேட்டார். பதினொரு நாள் இங்கே நல்லா இருந்தவர் வீட்டுக்குப் போன ஒரே நாள்ல இப்படி ஆனா, வீட்ல ஏதோ இருக்கும்மா, அன்னிக்குக் காலைல எழுந்ததுலேருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க என்றார். புறா வளர்க்கிறீர்களா, சுவரில் ஈரம் ஓதமா, பஞ்சு மெத்தையா, குப்பையை உரமாக மக்க வைக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றேன். நம் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், தரையில் விழுந்த சோற்றை எடுத்துச் சாப்பிடலாம். எழுந்தார், பல் துலக்கினார், டீ குடித்தார், ஊதினார், குளித்தார் என்று சொல்லிக்கொண்டே போனேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார். பலூன்தானே என்றார். இல்லைங்க, டிராம்போன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதை எப்ப கழுவினீங்க என்று கேட்டார்.

கழுவுவதா. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரியில் கருவி கழுவுகிற அறையில் வேலை பார்த்தவள் நான். கத்தரியைக் கழற்றித் திருகாணி இடுக்கு வரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்த்து, நீளக் குழாய் என்றால் உள்ளே தண்ணீர் பீய்ச்சி, ஆவியில் வேகவைத்து, அதற்கப்புறம்தான் அடுத்த ஆளுக்கு. துளை உள்ள கருவிக்கு உள்பக்கம்தான் முக்கியம் என்று புதிதாக வந்த பெண்களுக்கெல்லாம் தொண்டை கிழியச் சொன்னவள். அப்படிப்பட்டவள் வீட்டில், என் புருஷன் வாயில் தினமும் வைக்கிற ஒன்பது அடிக் குழாயின் உள்ளே ஒருநாள் எட்டிப் பார்த்ததில்லை. வெளியே பளபளவென்று துடைத்து வைப்பேன். உள்ளே கை வைக்க உன் அப்பா விட மாட்டார். கழுவினா குரல் போயிடும், உள்ளே படிஞ்சிருக்கிறதுதான் அதுக்குச் சாரீரம் என்பது அவர்கள் பேண்டில் எல்லோரும் சொல்கிற வேதம். அதோடு வருஷத்தில் முதல் ஊர்வலத்துக்கு முன்னால் அரை டம்ளர் பால் உள்ளே ஊற்றி, ஆட்டி, கவிழ்த்து வைப்பார்களே, பொடி ஓட்டைகள் அடையும், சத்தம் இனிக்கும் என்று. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். எச்சில் ஈரம், மூடின பெட்டி, வருஷா வருஷம் பால். இதை விடப் பதமாகப் பூஞ்சைக்கு விருந்து வைக்க யாராலும் முடியாது.

மறுநாள் பெரியவனைப் போர்வையில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா பெட்டியைத் திறக்கவே விடவில்லை, நேராகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் முகமூடி போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இழுகுழாயைக் கழற்றினாள், நீளக் குச்சியில் பஞ்சைச் சுற்றி உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தாள். வெள்ளையாகப் போன பஞ்சு பச்சையும் கறுப்புமாக வெளியே வந்தது, மாவு மாதிரி ஏதோ உதிர்ந்தது. அஞ்சு நாளில் தட்டு முழுக்கப் பூஞ்சை வளர்ந்திருந்தது. அப்பா ரத்தத்தில் அதே பூஞ்சைக்கு எதிரான பொருள் ஏராளமாக இருந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். வாய் வழியாக மெல்லிய குழாயை நுரையீரலுக்குள் விட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதைத் திரும்ப உறிஞ்சியும் சோதித்தார்கள். ஸ்கேன் படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பனி பிடித்த கண்ணாடி மாதிரி மங்கலாக இருந்தது. நடுவில் அங்கங்கே வெள்ளைக் கீறல்கள். மங்கல் போயிடும்மா என்றார் டாக்டரம்மா. கீறல் என்று கேட்டேன். அது தழும்பு, அது போகாது என்றார்.

உனக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன், எனக்கு அவர் சொன்ன மாதிரியே. இது தொற்றிக்கொள்கிற வியாதி இல்லை. பூஞ்சை நுரையீரலுக்குள் வளரவும் இல்லை. ஊதுவதற்கு முன்னால் மூச்சை இழுக்கிறோமே, அப்போது குழலுக்குள்ளிருந்து அதன் தூள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே போய் அடியாழத்தில் உட்காருகிறது. சிலருக்கு ஒன்றும் ஆகாது. சிலர் உடம்பு அதைப் பார்த்தாலே ஆகாமல் சண்டைக்குப் போய்விடும், அந்தச் சண்டைதான் காய்ச்சலும் இருமலும். சண்டை நடக்கிறது சொந்த வீட்டுக்குள்ள, அதனால இடியறதும் சொந்தச் சுவர்தான் என்றார். அப்படியென்றால் பூஞ்சையைக் கொல்லுகிற மாத்திரை கொடுங்கள் என்று நான் சண்டை பிடித்தேன். ஏனென்றால் பக்கத்துக் கட்டிலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார், சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமாக்காரர். அவருக்கு இதன் பங்காளி வியாதி. அவருக்குப் பூஞ்சை மூச்சுக்குழாய்ச் சளியிலேயே குடித்தனம் வைத்துவிட்டது, இருமினால் பழுப்பாகக் கட்டி கட்டியாக வரும். அவருக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்து, பூஞ்சை மாத்திரையும் மாசக்கணக்கில் கொடுத்து, அடிக்கடி ரத்தத்தில் அலர்ஜி அளவையும் பார்க்கிறார்கள். உங்க வீட்டுக்காரருக்கு அது வேண்டாம், அவர் உள்ளே கொல்றதுக்கு ஆள் இல்ல, வெளியேலேருந்து வர்றதை நிறுத்தணும், அதுதான் முதல் மருந்து என்றார். ஸ்டீராய்டு தீயை அணைக்குமாம், கொளுத்துகிறவன் கையைப் பிடிக்காதாம்.

அந்த மாத்திரை சாதாரணமானதில்லை. காலையில் சாப்பிட்டவுடன் எட்டு, வாரத்துக்கு ஒருதரம் ஒன்று ஒன்றாகக் குறைக்க வேண்டும், நாமாகத் திடீரென்று நிறுத்தினால் ஆளைச் சாய்த்துவிடும். இப்போது ஐந்தில் இருக்கிறோம். முகம் வட்டமாக ஊதிவிட்டது, கண்ணாடியைப் பார்த்து யாருடா இந்தப் பணக்காரன் என்கிறார். பசி என்றால் அப்படி ஒரு பசி, நான் திரும்புவதற்குள் ரொட்டிப் பாக்கெட் காலி. சர்க்கரை ஏறுகிறது, காலையில் விரலில் குத்திப் பார்க்கிறேன். எலும்புக்கு ஒரு மாத்திரை, வயிற்றுக்கு ஒரு மாத்திரை. தூக்கம் வராமல் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது, துண்டு மடித்து வைத்தது சரியில்லை என்று ஒருநாள் முழுக்க என்னோடு பேசவில்லை. போன வாரம் மூச்சு அளக்கிற மெஷினில் ஊதச் சொன்னார்கள். நாலு தெருவுக்குக் கேட்கும்படி வாசித்த மனுஷன், அந்த அட்டைக் குழாயைக் கவ்விக்கொண்டு முகம் சிவக்க ஊதுகிறார், திரையில் கோடு பாதி கூட ஏறவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன், அழுகை வந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உனக்காகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவனை இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள், மொட்டை மாடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான சாமான் அறையில் வைத்திருந்தேன். மூணு நாள் முன்னால் மருந்துக் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், நான் போட்ட முடிச்சு இல்லை, வேறு முடிச்சு. யார் அவிழ்த்தது என்று கேட்டேன். ஊதல, சத்தியமா ஊதல, சும்மா எடுத்து இழுத்துப் பார்த்தேன், கை கேட்டுச்சு என்றார். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவருக்குக் குளிர் எடுத்தது. ஐந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷனுக்கு, வாய்கூட வைக்காமல், இழுகுழாயை நாலுதரம் இழுத்ததற்கே அப்படி. அன்றுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. வந்தது என்று எழுதுகிறேன், அறைந்தது என்று எழுத வேண்டும்.

ஏன் என்று கேள். மூணு மாதமாக நீ போனில் சொன்னதையெல்லாம் அன்று வரிசையாகக் கோத்துப் பார்த்தேன். சனி ஞாயிறு ஹோட்டலில் பகல் கச்சேரி வாசிக்கிறாய், ஞாயிறு சாயங்காலம் உனக்கு ஜலதோஷம் பிடிக்கிறது, திங்கள் மாலைக்குள் போய்விடுகிறது, அடுத்த ஞாயிறு திரும்ப வருகிறது. நடுவில் மழையால் ஒரு வாரம் கச்சேரி இல்லை, அந்த வாரம் நீ ஜம்மென்று இருந்தாய், கடைத்தெருவெல்லாம் சுற்றியதாகச் சொன்னாய். பக்கத்து அறைக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்கிறேன் என்றாய், ஈரமான, ஜன்னல் இல்லாத குளியலறையில். முன்பெல்லாம் மாடி ஏறுகிறேன் என்று பெருமை அடிப்பாய், இப்போது லிப்ட் பற்றிப் பேசுகிறாய். நீ அனுப்பிய படத்தில் புது ஜிமிக்கியைப் பாரும்மா என்று எழுதியிருந்தாய், நான் பார்த்தது உன் கழுத்து எலும்பை. இவ்வளவையும் பார்த்துவிட்டு நான் என்ன எழுதினேன், டாக்டரம்மா கண்டுபிடிப்பதற்கு முன்னால்தான் என்றாலும், விடாமல் ஊது என்று எழுதினேன். அப்பாவை ஒருதரம் என் கையால் தள்ளினேன், உன்னைத் தபாலில் தள்ளியிருக்கிறேன்.

இத்தோடு நேற்று நிறுத்தினேன், இன்று தொடர்கிறேன், நடுவில் ஒன்று நடந்துவிட்டது. எழுதிக்கொண்டே அழுதிருக்கிறேன் போலிருக்கிறது, பின்னால் உன் அப்பா வந்து நின்றது தெரியவில்லை. காகிதத்தைக் கையால் மூடினேன். மூடாதே, அவளுக்குத்தானே எழுதற, அவளும் இருமறான்னு எழுதற, அவ்வளவுதானே என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மூணு வாரம் முன்னால் போன்ல கேட்டேன், அது சளி இருமல் இல்ல, அது என் இருமல், எனக்குத் தெரியாதா என்றார். தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தினேன். நீ அவளுக்கு ஊதச் சொல்லி எழுதினது எனக்குத் தெரியும், சொன்னா நீ தாங்க மாட்டே, நீ விழுந்துட்டா என்னை யாரு பார்க்கறது என்றார். நான் அவருக்காக மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார், நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டிருந்த மூணு வாரமும் நீ அங்கே ஊதிக்கொண்டிருந்தாய். எங்களை என்ன சொல்லித் திட்டினாலும் தகும். பால் ஊத்தக் கத்துக்கொடுத்தது நான், ஊதச் சொன்னது நீ, இனி என்ன செய்யணுமோ அதை எழுது என்று சொல்லிப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார்.

அதனால் அப்பாவும் நானுமாகச் சொல்கிறோம். சின்னவனைப் பெட்டியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதற்கு மேல் இன்னொன்று போட்டுக் கட்டி, ஆள் படுக்காத இடத்தில் வை. கழுவிப் பார்க்கலாம் என்று நீயாகத் திறக்காதே, கழுவும்போதுதான் தூள் அதிகம் கிளம்பும். யாருக்கும் இரவல் கொடுக்காதே, விற்காதே, உன் அறைத் தோழி ஆசையாகக் கேட்டாலும் தொட விடாதே. நுரையீரல் டாக்டரைப் பார், காய்ச்சல் டாக்டரை இல்லை. உள்ளே போனதும் இருமல் என்று ஆரம்பிக்காதே, நான் குழல் ஊதுகிறவள், என் அப்பாவுக்கு இந்த வியாதி, அவர் குழல்தான் என்னிடம் இருக்கிறது என்று முதல் வாக்கியமே அதுவாக இருக்கட்டும். அப்பாவின் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பூஞ்சையின் பெயர் எழுதிய காகிதம் எல்லாவற்றையும் நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அப்பா மாத்திரைதானே என்று நீயாகக் கடையில் வாங்கி விழுங்கிவிடாதே, அது அளந்து கொடுக்க வேண்டிய மருந்து. ஹோட்டலில் வேலை போகும், தெரியும். கச்சேரி இல்லாமல் உனக்குப் பைத்தியம் பிடிக்கும், அதுவும் தெரியும், ஒரு பைத்தியத்தை இங்கே தினமும் பார்க்கிறேன். உன்னுடையது மூணு மாதம், அவருடையது இரண்டு வருஷம். மங்கல் தழும்பாக மாறுவதற்குள் பிடித்துவிட்டால் முழுசாகத் திரும்பும் என்று டாக்டரம்மா சொன்னார். எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன், அதை யாரும் சொல்ல முடியாதும்மா, சீக்கிரம்னு மட்டும் எழுதுங்க என்றார்.

வெளியே போகும்போது முகமூடி போட்டுக்கொள். குளியலறை ஜன்னலில்லாதது என்றால் கதவையாவது திறந்து வை, சுவரில் கறுப்பு படிந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து எலும்பு எனக்குத் தெரியக் கூடாது. நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், உனக்கு வருகிறது எதுவாக இருந்தாலும் அது எனக்கு வரட்டும், இதைத் தவிர வேறு வேண்டுதல் எங்களுக்கு இல்லை. மறந்துவிடாதே, வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒன்று காட்டிக்கொடுத்தாள், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, நடுவில் மூச்சு வாங்காமல் ஒன்று இரண்டு என்று சத்தமாக, அவசரப்படாமல் எண்ண வேண்டும், எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. என்னால் நாற்பத்தி நாலு வரை முடிகிறது. அப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பதில் நின்றார், இன்று காலை இருபத்தி மூணு. நீ போனை எடுத்ததும் எதுவும் பேச வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல வேண்டாம், எண்ணு. நாங்கள் இரண்டு பேரும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இருபத்தி மூணைத் தாண்டிவிடு கண்ணு. அதற்கு முன்னால் நீ நின்றுவிட்டால் அப்பா கையில் மாத்திரைப் பெட்டியைக் கொடுத்துவிட்டு நான் அன்றைக்கே ரயில் ஏறிவிடுவேன், பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டேன்.

உன் அம்மா